பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: ஒரு கடல்மீன் தொட்டிச் சண்டையின் முழு விவரம்

புதிதாக விட்ட இரண்டு மீன்களுக்கும் மறுநாள் காலையில் காயம். ஒன்றுக்கு விலாவில் கோடு, இன்னொன்றுக்கு வாலில் கிழிசல். தொட்டியில் யெல்லோ டேங் (மஞ்சள் நிறச் சர்ஜன் மீன்) இருக்கிறது, அது புது மீனை விரட்டுவதை நானே கண்ணால் பார்த்தேன், அப்புறம் வேறு யாரைத் தேடுவது என்று அதைப் பிடித்து சம்ப்பில், அதாவது கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியில் போட்டேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால், டேங் இல்லாத தொட்டியில் அந்த வால் இன்னும் மோசமாகக் கிழிந்திருந்தது. காயம் இரண்டு வகை என்றால் செய்தவரும் இரண்டு பேராக இருக்கலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நடந்ததை எல்லாம் நாள் வாரியாகக் குறித்து வைத்திருந்தேன், அதை அப்படியே விரித்து எழுதுகிறேன். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பது இரண்டும் இதில் உண்டு.

தொட்டியும் அதில் இருந்தவர்களும்

நீளம் 150, அகலம் 60, உயரம் 50 சென்டிமீட்டர். கணக்குக்கு 450 லிட்டர், கல்லும் மணலும் போக உள்ளே இருக்கும் தண்ணீர் அதைவிடக் கணிசமாகக் குறைவு. கீழே சம்ப், அதில் கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், ஒரு அறையில் பாசி. வெப்பம் 25.5 டிகிரி, உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) பக்கம். இதை முதலிலேயே சொல்லக் காரணம், தண்ணீர் சரியில்லாத தொட்டியில் மீன்கள் எரிச்சலாக நடந்துகொள்வதும் உண்டு, அந்தச் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும். எனக்குத் தண்ணீரில் குறை இல்லை.

பழைய மீன்கள் ஆறு. ஆஸெல்லாரிஸ் க்ளவுன் (கோமாளி மீன்) ஜோடி, நான்கு வருடமாக. ஒரு ராயல் கிராமா, ஒரு லான்மோவர் பிளென்னி. சிக்ஸ்லைன் ராஸ் (உடம்பில் ஆறு கோடுள்ள, விரல் நீளச் சிறு மீன்) ஒன்று, இரண்டரை வருடம். யெல்லோ டேங் ஒன்று, மூன்று வருடம், மூக்கிலிருந்து வால் வரை 14 சென்டிமீட்டர் இருக்கும். இவர்களுக்குள் சண்டை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அதனால்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. ஆனால் பழகிய மீன்கள் அமைதியாக இருப்பதால் அந்தத் தொட்டியே அமைதியானது என்று ஆகிவிடாது. யாருக்கு எந்தப் பொந்து, யார் முதலில் சாப்பிடுவது என்று அவர்களுக்குள் எப்போதோ பேசி முடித்தாயிற்று, அவ்வளவுதான். புதிதாக ஒருவர் வந்தால் அந்தக் கணக்கு முழுவதும் கலையும்.

புதிதாக வந்தவை இரண்டு. ஒரு கோல் டேங், 10 சென்டிமீட்டர், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் உடம்பெல்லாம் இழை இழையாகக் கோடுகளும் உள்ளது. ஒரு ஃபேரி ராஸ், 7 சென்டிமீட்டர். இரண்டும் தனித்தொட்டியில் ஐந்து வாரம் இருந்து, நன்றாகச் சாப்பிட்டு, உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாமல் வந்தவை. இந்த ஐந்து வாரம்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. சண்டையில் அலைக்கழியும் மீனுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்து, தொட்டிக்குள் வெண்புள்ளி நோய்க் கிருமி வந்திருந்தால் டேங் வகை மீன்கள்தான் முதலில் மாட்டும். எனக்கு அந்தத் தலைவலி வரவில்லை.

முதல் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை

மாலையில் விளக்கை அணைத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக விட்டேன். இரண்டு பேரை ஒரே நேரத்தில் விட்டால் பழைய மீனின் கோபம் பங்கு போடப்பட்டுக் குறையும் என்பது கணக்கு. அது ஓரளவு உண்மைதான். ஆனால் அக்ளிமேஷன் பாக்ஸ், அதாவது தொட்டிக்குள்ளேயே தொங்கும் துளையிட்ட ஒளிபுகும் பெட்டி, அதைப் பயன்படுத்தாமல் நேரடியாக விட்டேன். பெட்டி பரணில் கிடந்தது, எடுக்கச் சோம்பல். இந்த நிகழ்வில் நான் செய்த முதல் தவறு இது.

அறையின் வெளிச்சமே போதுமாக இருந்தது. இருபது நிமிடத்துக்குள் யெல்லோ டேங் கோல் டேங்கைப் பார்த்துவிட்டது. முதுகுத் துடுப்பையும் அடித் துடுப்பையும் முழுக்க விரித்தது. விரித்தால் அந்த மீன் இன்னும் உயரமாகத் தெரியும். அப்படியே பக்கவாட்டில் திரும்பி, எதிரியின் மேல் சாய்ந்து, வாலை ஒரு வீசு வீசியது. சர்ஜன் மீன் குடும்பத்தில் எல்லோருக்கும் ஆயுதம் வாலடியில்தான். யெல்லோ டேங்குக்கு வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளைக் கத்தி உண்டு. சும்மா இருக்கும்போது மடங்கிப் பள்ளத்துக்குள் கிடக்கும், உடம்பை வளைத்து அடிக்கும்போது விரிந்து நிற்கும். வலையில் பிடித்தால் அந்தக் கத்தி வலைக்கண்ணில் சிக்கிக்கொள்ளும், அதனால் டேங்கைப் பிடிக்க வலையைவிடத் தெளிவான பிளாஸ்டிக் டப்பா நல்லது.

இரண்டாம் நாள் காலை. கோல் டேங்கின் இடது விலாவில், வாலுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய வெள்ளைக் கோடு. பிளேடால் கீறியது மாதிரி நேராக இருந்தது. ஃபேரி ராஸைத் தேடினேன், பின்பக்கக் கல்லிடுக்கில் ஒண்டிக்கொண்டிருந்தது, சாப்பாட்டுக்கு வரவில்லை. வாலின் மேல் மூலையில் ஒரு துண்டு இல்லை. நகவெட்டியால் எடுத்தது போல அரைவட்டமாகப் போயிருந்தது.

இதில்தான் எல்லாமே இருக்கிறது. இரண்டு காயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். நேர்க்கோடு என்றால் வாலடிக் கத்தி, அது விலாவிலோ தலையிலோ விழும். அரைவட்டம், ஓரம் பிய்ந்த துடுப்பு, அங்கங்கே செதில் உதிர்ந்த இடம் என்றால் வாயால் கடித்தது. ஓடுகிற மீனுக்குக் கடைசியில் இருப்பது வால், அதனால் கடி பெரும்பாலும் வாலில்தான் விழும். இன்னொன்றும் உண்டு, துடுப்பு அழுகல். அதில் ஓரம் வெளுத்தோ சிவந்தோ இருக்கும், ஒரே ஓரம் மெல்ல மெல்ல உள்ளே தேய்ந்துகொண்டே போகும். கடி என்றால் திட்டுத்திட்டாக, இரவு இல்லாத இடத்தில் காலையில் புதிதாக ஒன்று இருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாத சங்கதி அல்ல. தெரிந்தும் நான் காயத்தைப் பார்க்கவில்லை, எதிரே துடுப்பை விரித்து மிரட்டிக்கொண்டிருந்த மீனைத்தான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் கண்ணாடி வைத்தேன். தொட்டியின் வலது பக்கத்துக்கு வெளியே, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை ஒட்டி நிறுத்தினேன். யெல்லோ டேங்குக்கு அதில் தெரிவது தன்னைப் போலவே மஞ்சளாக, தன்னைப் போலவே துடுப்பு விரிக்கும் இன்னொரு யெல்லோ டேங். தன் இனத்து மீனைத்தான் பவளப்பாறை மீன்கள் மற்ற எதையும்விட அதிகமாகத் தாக்குகின்றன என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லோரன்ஸ் 1960-களிலேயே எழுதினார், தொட்டியில் வைத்துப் பார்த்து எழுதியவர், 1973-ல் நோபல் பரிசு பெற்றவர். கண்ணாடி வேலை செய்வது அந்த இயல்பால்தான். முதல் ஒரு மணி நேரம் டேங் அந்த மூலையை விட்டு நகரவே இல்லை. கோல் டேங் வெளியே வந்து கல்லில் இரண்டு வாய் கொறித்தது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் வைத்தேன். நாள் முழுக்க வைத்தால் டேங்குக்கு அது ஓய்வில்லாத சண்டை, ஜெயிக்கவும் முடியாது, தோற்கவும் முடியாது.

கோல் டேங்குக்குக் கண்ணாடி நன்றாகவே உதவியது. ஃபேரி ராஸுக்கு உதவவில்லை. நான்காம் நாள் இரவு மேலே இருக்கும் வலை மூடியில் பட்டென்று ஒரு சத்தம். ஃபேரி ராஸ் வகைகள் விரட்டினால் மேலே பாயும், மூடி இல்லாத தொட்டியில் காலையில் தரையில்தான் கிடக்கும். அந்த வலை ஒன்றுதான் அன்றைக்கு அதைப் பிழைக்க வைத்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஐந்தாம் நாள் காலை, யெல்லோ டேங்கைப் பிடித்து சம்ப்பின் பாசி அறையில் விட்டேன்.

டேங் இல்லாத தொட்டி

கோல் டேங் அன்று மாலையே மாறிவிட்டது. கண்ணாடிச் சுவரில் படிந்த பாசிப்படலத்தை உதட்டை ஒட்டி ஒட்டிச் சுரண்டியது, கிளிப்பில் மாட்டிய நோரியை (உலர்ந்த கடற்பாசித் தாள்) வந்து இழுத்தது. விலாக்கோடு எட்டாம் நாளுக்குள் மங்கிவிட்டது.

கீழே சம்ப்பில் யெல்லோ டேங்கின் நிலைமை வேறு. இந்த மீன் இரவில் நிறம் வெளுத்து, உடம்பின் நடுவே ஒரு பழுப்புத் திட்டும் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டையும் காட்டும், அது தூக்கத்துக்கான கோலம். நான் போய்ப் பார்த்தபோது நண்பகல், அது அந்தக் கோலத்தில் மூலையில் நின்றுகொண்டிருந்தது. மூன்று வருடமாக என் கையிலிருந்து சாப்பிட்ட மீன். நோரியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அன்றைக்குத் தொடவில்லை, மறுநாள்தான் சாப்பிட்டது.

எட்டாம் நாள் காலை ஃபேரி ராஸ் வெளியே வந்தது. வாலில் கால்வாசி இல்லை. அடித் துடுப்பிலும் புதுக் கடி.

யெல்லோ டேங் மூன்று நாளாக மேலே இல்லையே.

அன்று மாலை முழுக்க தொட்டி முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எல்லா மீனும் கண்ணாடிக்கு முன்னால் வந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அதற்கும் காரணம் இருக்கிறது. எதிரே ஆள் நின்றால் சாப்பாடு வரும் என்று எல்லாவற்றுக்கும் தெரியும், அந்த நேரத்தில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை. நாம் பார்க்கும்போது நடப்பது ஒன்று, நாம் இல்லாதபோது நடப்பது வேறு. ஒன்பதாம் நாள் விடியலில், விளக்கு மெல்ல நீலமாக ஏறுவதற்கு முன்பே, போனை முக்காலியில் நிறுத்தி வீடியோவை ஓடவிட்டுவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

முப்பது நிமிட வீடியோ. யார் யாரை விரட்டினார்கள் என்று ஒரு காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே பார்த்தேன். சிக்ஸ்லைன் ராஸ் ஃபேரி ராஸை விரட்டியது 19 தடவை. பெண் க்ளவுன் கோல் டேங்கை விரட்டியது 2. கிராமா பிளென்னியைப் பார்த்து வாயைப் பிளந்து மிரட்டியது 1.

அந்த 19-ல் ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பத்து முறையாவது பார்த்திருப்பேன். வேவ்மேக்கருக்கு (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) கீழே ஒரு கல்லில் விரலளவு துளை. சிக்ஸ்லைன் அதற்குள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் சிவப்புக் கண் மட்டும் மேலும் கீழும் உருள்கிறது. ஃபேரி ராஸ் பின்பக்க இடுக்கிலிருந்து பாதி உடம்பு வெளியே வருகிறது, நீரோட்டத்தில் மிதந்து வரும் எதையோ எடுக்க வாயை நீட்டுகிறது, அடுத்த கணம் ஒரு நீலக்கோடு குறுக்கே போய்த் திரும்பிவிட்டது. திரும்பி வந்த சிக்ஸ்லைன் துளைக்குள் பழையபடி தலையை நீட்டி நிற்கிறது. ஃபேரி ராஸின் வாலிலிருந்து ஒரு துணுக்கு மட்டும் தனியாக மிதந்து கீழே இறங்குகிறது. மொத்தமும் ஒரு நொடிகூட இருக்காது. நான் எதிரே நின்றிருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது.

ஏன் இப்படி

சிக்ஸ்லைன் ராஸ் பிறவியிலேயே கெட்ட மீன் என்று பேசுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டரை வருடம் அது க்ளவுனையோ கிராமாவையோ தொட்டதில்லை. அதற்குப் பிடிக்காதது ஒன்றுதான்: தன்னைப் போலவே ஒல்லியாக நீண்ட உடம்பு, தன்னைப் போலவே நீரிலும் கல்லிலும் குட்டி உயிரிகளைப் பொறுக்கித் தின்னும் வழக்கம், அதே ராஸ் குடும்பம், அதிலும் பின்னால் வந்தது, ஒதுங்கிப் போகும் சுபாவம். ஃபேரி ராஸுக்கு இந்த எல்லாமே பொருந்தியது. சிக்ஸ்லைன் போன்ற மீனைக் கடைசியாக விட வேண்டும் என்று சொல்வதன் பொருள் இதுதான். நான் அதை மூன்றாவதாக விட்டேன். வேண்டிய அளவு நேரம் கொடுத்து, மொத்தத் தொட்டியையும் அதன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம் வாடகைக்கு ஆள் கொண்டுவந்தேன்.

யெல்லோ டேங்குக்கும் கோல் டேங்குக்கும் நடந்தது வேறு கதை. இரண்டும் கல்லை மேய்பவை. சரியாகப் பார்த்தால் யெல்லோ டேங் இழைப்பாசியைக் கடித்துத் தின்னும், கோல் டேங் தூரிகை போன்ற பல்லால் மேல்படலத்தைச் சுரண்டும், இருவர் தட்டும் வேறு. ஆனால் மீன் அவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை. தட்டையான உடம்பு, கல்லில் வாய், அது போதும் சண்டைக்கு. நல்ல விஷயம் என்னவென்றால் டேங்குகளின் சண்டை பெரும்பாலும் பதவிச் சண்டை, யார் மேலே என்று முடிவானால் தணிந்துவிடும்.

மூன்றாவது, க்ளவுன். பெண் க்ளவுன் ஜோடியில் பெரியது. அது இறந்தால் ஆண்தான் பெண்ணாக மாறும், அந்த அளவுக்கு அவற்றின் குடும்பமே யார் பெரியவர் என்பதில் நிற்கிறது. முட்டை இட்டிருக்கும் நாட்களில் அது என் கையையும் கடிக்கும். ஆனால் அதன் கோபத்துக்கு எல்லை உண்டு: கூட்டைச் சுற்றி ஒரு முப்பது சென்டிமீட்டர், அதைத் தாண்டி ஒரு விரற்கடைகூடத் துரத்தாது. கோல் டேங் அந்த எல்லையை இரண்டே நாளில் கற்றுக்கொண்டது. இந்த மாதிரிச் சண்டையில் நாம் தலையிடவே வேண்டாம்.

நான் இப்போது சண்டையைப் பார்க்கும்போது கேட்கும் கேள்வி, எவ்வளவு வேகமாக விரட்டுகிறது என்பதல்ல, எங்கே நிறுத்துகிறது என்பது. விரட்டுகிற மீன் ஓர் இடத்தில் நின்றுவிட்டால், ஓடுகிற மீனுக்கு அதற்கு அப்பால் ஒரு வாழ்க்கை இருக்கிறது. நிற்காமல் தொட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தேடிப்போய்க் கடித்தால், 450 லிட்டர் என்ன, அதைப்போல இரண்டு மடங்கு இருந்தாலும் போதாது.

டேங்கைத் திரும்ப விட்டது

பத்தாம் நாள் கற்களை மாற்றி அடுக்கினேன். முழுவதையும் அல்ல, பவளங்கள் ஒட்டியிருக்கும் நடுக்கல்லைத் தொடவில்லை. இடது பக்கக் குவியலைக் கலைத்து இரண்டு குவியலாக ஆக்கினேன், நடுவே ஒரு சந்து விட்டேன், ஒருவர் ஒரு பக்கம் மேய்ந்தால் இன்னொருவருக்குத் தெரியாதபடி. பார்வை மறைவதுதான் இதில் பாதி வேலை. கண்ணில் படாத மீனை யாரும் விரட்டுவதில்லை. கல்லை நகர்த்தினால் மணலில் அடங்கிக் கிடந்த அழுக்கு எழும்பும் என்பதால் அன்றும் மறுநாளும் அம்மோனியா பார்த்தேன், ஏறவில்லை.

அன்று விளக்கு அணைந்த பின் யெல்லோ டேங்கை மேலே விட்டேன். இந்த முறை அக்ளிமேஷன் பாக்ஸில், ஒரு இரவும் ஒரு பகலும். இப்போது அதுதான் புது ஆள். இடம் மாறியிருக்கிறது, கோல் டேங் ஐந்து நாளாகத் தொட்டியைச் சுற்றிப் பார்த்து எந்தப் பொந்தில் நுழைய முடியும் என்று தெரிந்து வைத்திருக்கிறது. பெட்டிக்கு வெளியே கோல் டேங் வந்து நின்றபோது யெல்லோ டேங் துடுப்பை விரித்தது, ஆனால் பெட்டிச் சுவரில் இடிக்கவில்லை. திறந்துவிட்ட முதல் நாள் நான்கைந்து விரட்டல், ஒரு முழத்தூரம் போய் நின்றுவிட்டது. நோரியைத் தொட்டியின் இரண்டு கோடியிலும் இரண்டு கிளிப்பில் மாட்டினேன், ஒரே இடத்தில் வைத்தால் மேலே இருப்பவர் மட்டுமே சாப்பிடுவார். இரண்டு வாரத்தில் இரண்டும் ஒரே கல்லில் அடுத்தடுத்து மேய்ந்தன. புதிய கீறல் ஒன்றுகூட விழவில்லை.

மறுபடி செய்வதானால் ஐந்து நாளுக்குப் பதிலாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை வெளியே வைப்பேன், அதுவும் அதற்குப் போதிய இடமும் நீரோட்டமும் உள்ள அறையில். நான் விட்ட பாசி அறை அந்த அளவு மீனுக்குச் சிறியது.

சிக்ஸ்லைன்

இதைப் பிடிப்பதே தனி வேலை. கற்கள் நிறைந்த தொட்டியில் விரல் நீளமுள்ள ராஸை வலை போட்டுப் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நான் ஒரு மணி நேரம் முயன்று மற்ற மீன்களை எல்லாம் பயமுறுத்தியதுதான் மிச்சம். அப்புறம் கதவு வைத்த பிளாஸ்டிக் பொறியை இறக்கினேன். முதல் நாளே கதவை மூட ஆசைப்பட்டால் காரியம் கெடும். மூன்று நாள் கதவைத் திறந்தபடியே வைத்து, மைசிஸ் இறாலை அதற்குள் மட்டும் போட்டேன். முதலில் க்ளவுன், அடுத்து கிராமா, எல்லோரும் போய் வந்த பின்தான் சிக்ஸ்லைன் வாசலில் தலையை நீட்டியது. ஆறாவது நாள், அதாவது பதினைந்தாம் நாள், முழு உடம்பும் உள்ளே போனது, கதவைத் தாங்கிய கயிற்றை விட்டேன்.

அதைப் பத்து நாள் பெட்டியில் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டேன். அது குடியிருந்த துளையுள்ள கல்லை வேறு பக்கம் மாற்றினேன். ஃபேரி ராஸ் இரண்டாம் நாளே நடுத்தண்ணீருக்கு வந்து சாப்பிட ஆரம்பித்தது. இதைப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு நாளைக்கு நான்கு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக, நீரோட்டம் தொடங்கும் இடத்தில் போட்டேன், அது தேடிப் போகாமல் உணவே அதன் வாய்க்கு வரும்படி. துடுப்பின் அடிப்பகுதி சிதையாமல் இருந்தால் துடுப்பு மீண்டும் வளரும். முதலில் கண்ணாடித்தாள் போல ஒரு நிறமற்ற ஓரம் தெரிந்தது, மூன்று வாரத்தில் வால் வடிவத்துக்கு வந்தது, நிறம் ஏற இன்னும் சில நாள் ஆனது. மருந்து எதுவும் போடவில்லை, தேவைப்படவில்லை.

இருபத்தைந்தாம் நாள் சிக்ஸ்லைனைத் திறந்துவிட்டேன். முதல் நாள் எதுவும் இல்லை, இரண்டாம் நாளும் இல்லை. நான் நம்பத் தொடங்கினேன். மூன்றாம் நாள் விடியல் வீடியோவில் 7 விரட்டல். ஐந்தாம் நாள் 15. அதிகமாகச் சாப்பாடு போட்டுப் பார்த்தேன், அது வயிறு நிறைந்த பின்னும் விரட்டியது. பசியால் வரும் சண்டை என்றால் சாப்பாடு போட்டால் தணியும், இது அந்தச் சண்டை இல்லை. கண்ணாடியும் வைத்துப் பார்த்தேன், ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சிலர் இந்த இடத்தில் இன்னும் ஒரு மாதம் பெட்டியில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். நான் அதைச் செய்யவில்லை. பாதி ஆறிய வாலோடு இருக்கும் மீனை வைத்து இன்னொரு சோதனை செய்ய எனக்கு மனம் வரவில்லை. இரண்டில் ஒன்று போக வேண்டும், யாரை அனுப்புவது என்று இரண்டு நாள் யோசித்தேன். முதலில் வந்தது சிக்ஸ்லைன், அதற்கு உரிமை அதிகம் என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆனால் ஃபேரி ராஸை இந்தக் காயத்தோடு இன்னொரு தொட்டிக்கு மாற்றினால் தாங்குமா என்பது சந்தேகம். சிக்ஸ்லைனோ திடகாத்திரமாக இருந்தது, தன்னைவிடப் பெரிய மீன்கள் நடுவே அது எப்போதும் நன்றாகவே பிழைக்கும்.

பொறியில் அது இரண்டாவது முறை ஏமாறவில்லை. ஆனால் இரவில் தூங்க எந்தக் கல்லுக்குள் போகிறது என்பதை வீடியோவில் குறித்து வைத்திருந்தேன். விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சைத் தாளால் மறைத்து மங்கலாக்கிக்கொண்டு, அந்தக் கல்லைத் தண்ணீருக்குள்ளேயே மெல்ல ஒரு டப்பாவில் ஏற்றி, டப்பாவோடு தூக்கி வாளியில் இறக்கினேன். காலையில் கல்லிலிருந்து அதுவாகவே வெளியே வந்தது. எனக்குத் தெரிந்த ஒருவருடைய பெரிய தொட்டியில், முயல் மீனும் வளர்ந்த ஏஞ்சல் மீன்களும் இருக்கும் இடத்தில், இப்போது அது இருக்கிறது. அங்கே அதைப் போல உடம்பும் வாயும் உள்ள மீன் எதுவும் இல்லை. யாரையும் கடிக்கவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இப்போது

ஐந்து மாதம் ஆகிறது. கோல் டேங் 12 சென்டிமீட்டரைத் தொட்டிருக்கிறது, பின்பக்கக் கண்ணாடியைத் தேய்க்கும் வேலை எனக்கு இல்லாமல் போனது. யெல்லோ டேங் அவ்வப்போது துடுப்பை விரித்துக் காட்டும், கோல் டேங் ஒதுங்கிக்கொள்ளும், அவ்வளவில் முடியும். என் கையில் நோரி வாங்கிச் சாப்பிட மட்டும் யெல்லோ டேங் மறுபடி வர ஏழு வாரம் ஆனது.

வாரத்துக்கு ஒரு நாள் விடியலில் இன்னும் வீடியோ எடுக்கிறேன். சென்ற வாரம் எடுத்ததில் நீல வெளிச்சம் ஏறும் நேரத்தில் ஃபேரி ராஸ் அதே பின்பக்க இடுக்கிலிருந்து வெளியே வருகிறது. வந்ததும் ஒரு நொடி நின்று, வேவ்மேக்கருக்குக் கீழே, முன்பு அந்தத் துளை இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கிறது. அப்புறம்தான் நடுத்தண்ணீருக்கு நீந்துகிறது.